தூய இன நாய்க்குட்டி வாங்குமுன்…

கல்லூரியில் ஒலியியல் பாடம் நடத்துபவன் நான். ஒலியின் திசைவேகம், அதிர்வெண், செறிவு ஆகியவற்றை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குபவன். அப்படிப்பட்ட நான், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குட்டியை விலை கொடுத்து வாங்கியபோது, அதற்குக் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை.

அது இராஜபாளையம் இனக் குட்டி. பால் போன்ற வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு. விற்றவர் பரம்பரைச் சான்றிதழ் ஒன்றும் தந்தார். தாய், தந்தை, பாட்டன், பாட்டி என மூன்று தலைமுறைப் பெயர்கள் அதில் இருந்தன. குட்டிக்கு 'முத்து' என்று பெயரிட்டோம். பெயர் சொல்லி அழைத்தால் முத்து திரும்பிப் பார்க்காது. பிடிவாதக் குணம் என்று நானாக முடிவு கட்டினேன். செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு மூன்று முறை அடித்ததும் உண்டு. மூன்று வாரங்கள் கழிந்த பின், ஒரு நாள் காலை சமையலறையில் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. மேடையின் அடியில் தூங்கிக்கொண்டிருந்த முத்து காதைக்கூட அசைக்கவில்லை. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்காத பெயருக்காக ஒரு குட்டியை அடித்திருக்கிறேன்.

சான்றிதழ் பொய்யானதன்று. அதில் எழுதியிருந்ததெல்லாம் உண்மையே. ஆனால் அது ஒரு கேள்விக்குத்தான் விடை சொன்னது: 'இந்தக் குட்டி யாருடைய வாரிசு?' நான் கேட்டிருக்க வேண்டியதோ வேறு கேள்வி: 'இந்தக் குட்டி நலமாக வாழுமா?' இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றல்ல என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உங்களில் சிலர் வீட்டில் நாய் வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கலாம். அதற்கு முன் நீங்கள் அறிந்த இயற்பியலையும் உயிரியலையும் சிறிது பயன்படுத்திப் பார்ப்போம்.

இனம் என்றால் என்ன?

உலகில் உள்ள வீட்டு நாய்கள் யாவும் ஒரே உயிரினத்தைச் சேர்ந்தவை. இரண்டு கிலோ எடையுள்ள சிவாவா நாய்க்கும், எழுபது கிலோ எடையுள்ள கிரேட் டேன் நாய்க்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை ஒன்றுதான்: 78, அதாவது 39 இணைகள். ஓநாய்க்கும் அதே 78 தான். மனிதன் 15,000 ஆண்டுகளுக்கு முன்னரே நாயைத் தன்னுடன் வைத்துக்கொண்டான். வேட்டைக்கு, காவலுக்கு, ஆடு மேய்க்க என்று அந்தந்த வேலைக்கு ஏற்ற நாய்கள் அந்தந்த ஊரில் உருவாயின. நம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் இவ்வாறு வந்தவையே. இவற்றுள் இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை ஓர் அஞ்சல்தலையே வெளியிட்டது.

'தூய இனம்' என்னும் கருத்து இவ்வளவு பழைமையானதன்று. 1873-இல் இலண்டனில் கென்னல் கிளப் என்னும் நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது. ஒவ்வோர் இனத்துக்கும் பதிவேடு ஏற்பட்டது. பதிவேட்டில் உள்ள தந்தைக்கும் பதிவேட்டில் உள்ள தாய்க்கும் பிறந்த குட்டி மட்டுமே அந்த இனத்தைச் சேர்ந்தது என்னும் விதி வந்தது. உயரம், நிறம், காதின் அமைப்பு, மூக்கின் நீளம் ஆகியவற்றுக்கு அளவுகள் வகுக்கப்பட்டன. கண்காட்சிகளில் அந்த அளவுகளுக்கு ஏற்பப் பரிசுகள் வழங்கப்பட்டன.

இந்த விதியின் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு குளத்துக்கு வரும் வாய்க்கால்களை எல்லாம் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் தண்ணீர்தான் இருக்கும். புதுத் தண்ணீர் வராது. மூடிய பதிவேடும் அத்தகைய குளமே. உள்ளே இருக்கும் மரபணுக்களே மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றன. பரிசு பெற்ற ஓர் ஆண் நாயை எல்லாரும் விரும்பி இணைசேர்த்தால், அடுத்த தலைமுறையில் பல குட்டிகளுக்கு அதுவே தந்தை; அதற்கடுத்த தலைமுறையில் பல குட்டிகளுக்கு அதுவே இருபுறமும் பாட்டன்.

சான்றிதழில் ஒரு கணக்கு

ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக உடலில் உள்ளது: ஒன்று தந்தை தந்தது, மற்றது தாய் தந்தது. தீங்கு தரும் மரபணுக்களில் பல ஒடுங்கு தன்மை உடையவை. ஒரு படி பழுதாக இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் நோய் வெளிப்படாது. இரண்டு படிகளும் பழுதானால்தான் நோய் தோன்றும். நெருங்கிய உறவுடைய நாய்களை இணைசேர்ப்பதன் ஆபத்து இங்கேதான் உள்ளது. ஒரே மூதாதையின் ஒரே படி, இரு வழிகளாக வந்து ஒரே குட்டியில் சேர்ந்துவிடலாம்.

இதற்கான நிகழ்தகவைக் கணக்கிடுவது எளிது. ஓர் ஆண் நாய்க்கு இரு வேறு தாய்களிடம் பிறந்த ஒரு மகனும் ஒரு மகளும் இருப்பதாகக் கொள்வோம். இவ்விருவரையும் இணைசேர்க்கிறார்கள். தந்தையிடம் உள்ள இரு படிகளை அ, ஆ என்போம். 'அ' மகனுக்குச் செல்ல வாய்ப்பு 1/2. மகனிடமிருந்து குட்டிக்குச் செல்ல மேலும் 1/2. ஆக, மகன் வழியே குட்டியை அடையும் வாய்ப்பு 1/4. மகள் வழியேயும் அதே 1/4. இரு வழிகளிலும் 'அ'வே வந்து சேரும் வாய்ப்பு 1/4 × 1/4 = 1/16. 'ஆ'வுக்கும் அதே 1/16. கூட்டினால் 1/8, அதாவது 12.5 விழுக்காடு. இந்த எண்ணுக்கு உட்கலப்புக் கெழு என்று பெயர். உடன்பிறந்த நாய்களை இணைசேர்த்தால் பொது மூதாதையர் தந்தை, தாய் என இருவர், படிகள் நான்கு. ஆகவே கெழு 4 × 1/16 = 1/4.

இதன் பொருள் என்ன? உடன்பிறந்த நாய்களுக்குப் பிறந்த குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு, ஒரே படியின் இரு பிரதிகளாக இருக்கும். எங்கேனும் ஒரு பழுது மறைந்திருந்தால் அது வெளிப்படுவதற்கு இது வாசலைத் திறந்து வைப்பது போலாகும். ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கியதும் பெயர்களின் அழகைப் பார்க்காதீர்கள். தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒரே பெயர் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால், மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். சான்றிதழ் பயன்படுவது இதற்குத்தான்.

டால்மேஷன் நாயின் கதை

மூடிய பதிவேட்டால் என்ன நேரும் என்பதற்கு டால்மேஷன் இனம் சிறந்த எடுத்துக்காட்டு. வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகள் உடைய இந்த நாயைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பிற நாய்களின் உடலில் யூரிக் அமிலம் கல்லீரலில் அலன்டாயின் என்னும் எளிதில் கரையும் பொருளாக மாற்றப்பட்டு வெளியேறுகிறது. டால்மேஷனில் இந்த மாற்றம் சரிவர நிகழ்வதில்லை. சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, சில நாய்களுக்குச் சிறுநீர்க் கற்கள் உண்டாகி, வழி அடைத்துக்கொள்கிறது. யூரிக் அமிலத்தைக் கடத்தும் ஒரு மரபணுவில் உள்ள பழுதே இதற்குக் காரணம் என்று 2008-இல் கண்டறியப்பட்டது.

பழுதற்ற டால்மேஷனைத் தேடி இணைசேர்த்தால் போதாதா என்று நீங்கள் வினவலாம். போதாது. ஏனெனில் பதிவேட்டில் இருந்த டால்மேஷன் அனைத்திலும் இரண்டு படிகளும் பழுதானவையே. குளத்தில் நல்ல தண்ணீர் ஒரு குடம்கூட இல்லை. அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973-இல் ஒரு டால்மேஷனை, பாயின்டர் என்னும் வேறு இன நாயுடன் ஒரே ஒரு முறை இணைசேர்த்தார். பிறந்த குட்டிகளை மீண்டும் மீண்டும் டால்மேஷனுடனேயே இணைசேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் பழுதற்ற மரபணு உடைய குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார். முதல் தலைமுறையில் பாயின்டரின் பங்கு 1/2, இரண்டாவதில் 1/4, ஐந்தாவதில் 1/32 மட்டுமே. பார்வைக்கு அவை டால்மேஷன்களாகவே இருந்தன. சிறுநீரில் மட்டும் குறை இல்லை.

1981-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றுள் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. ஆனால் 'தூய்மை கெட்டுவிடும்' என்று அந்த இனத்தை வளர்ப்போரிடையே எதிர்ப்பு எழுந்தது. மேற்கொண்டு பதிவு நிறுத்தப்பட்டது. அக்கழகம் அந்த வழித்தோன்றல்களை மீண்டும் ஏற்றுக்கொண்டது 2011-இல். வழி தெரிந்த பின்னும் முப்பது ஆண்டுகள் சென்றன! 'தூய்மை' என்னும் சொல்லுக்கு நாய்கள் கொடுத்த விலை அது.

சப்பை மூக்கும் நான்காம் அடுக்கும்

இனி இயற்பியலுக்கு வருவோம். 2003-இல் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஒரு பக் நாய் ஓடி வந்தது. அதன் பின் நம் ஊர்களில் பக் நாய்க்கு ஏற்பட்ட கிராக்கி சொல்லி முடியாது. சப்பையான முகம், உருண்டைக் கண்கள், சுருக்கம் விழுந்த நெற்றி. பார்ப்பதற்குக் குழந்தை போல இருக்கிறது. 'குறட்டை விடுவதுகூட அழகு' என்பார்கள். அந்தக் குறட்டை எதனால் உண்டாகிறது?

தலைமுறை தலைமுறையாக மூக்கு குட்டையான நாய்களையே தேர்ந்தெடுத்ததால் எலும்பு குறுகியது. ஆனால் உள்ளே இருக்கும் தசையும் மெல்லண்ணமும் அதே அளவில் குறுகவில்லை. நீண்ட பெட்டிக்குரிய சாமான்களைச் சிறிய பெட்டியில் திணித்தது போல, மூச்சுப் பாதை அடைபட்டுக் கிடக்கிறது. நாசித் துளைகளும் வெறும் கீற்றுகளாகச் சுருங்கிவிடுகின்றன.

ஒரு குழாயின் வழியே பாய்மம் ஒழுங்காகப் பாயும்போது, அழுத்த வேறுபாடும் நீளமும் மாறாதிருந்தால், பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது பாய்சலியின் விதி. ஆரம் பாதியானால் பாய்வு பாதியாவதில்லை; 1/2 × 1/2 × 1/2 × 1/2 = 1/16 ஆகிறது. ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 0.8 ஆனால்கூட, பாய்வு 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது சுமார் 0.41 தான். அளவுகோலில் சிறியதாகத் தோன்றும் மாற்றம் மூச்சில் எவ்வளவு பெரிதாகிறது, பாருங்கள்! நாயின் மூக்கு வழவழப்பான நேர்க்குழாய் அன்று. எனவே இந்த விதி அங்கே அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனால் கரடுமுரடான பாதையில் காற்று சுழித்துப் பாயும். அப்போது தடை இன்னும் கூடும். அந்தச் சுழிப்பும், அதனால் அதிரும் மெல்லண்ணமுமே குறட்டை. அழகென்று நாம் ரசிப்பது மூச்சுக்கான போராட்டத்தின் ஒலி.

நாய்க்கு மூக்கும் வாயும் மூச்சு விட மட்டுமல்ல. உடலைக் குளிர்விக்கவும் அவையே கருவி. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களின் அடியில் மட்டுமே வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்கின்றன, அது போதாது. எனவே அது இரைக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது வரை இருக்கும் மூச்சு, இரைக்கும்போது முந்நூறைத் தாண்டுகிறது. நொடிக்கு ஐந்து முறை! இவ்வளவு வேகமாக மார்பை அசைத்தால் அதனாலேயே சூடு உண்டாகாதா? இங்கே இயற்கையின் ஒரு நுட்பம் உள்ளது. நாயின் மார்புக்கூடு ஒரு சுருள்வில் போன்றது. அதற்கு ஓர் இயல் அதிர்வெண் உண்டு. நாய் இரைக்கும் வேகம் அந்த இயல் அதிர்வெண்ணை ஒட்டியே அமைகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தட்டிவிட்டால் குறைந்த உழைப்பில் ஆடுவது போல, ஒத்ததிர்வினால் குறைந்த ஆற்றலில் மார்பு அசைகிறது. இதை 1962-இல் ஆய்வாளர் அளந்து காட்டினார்கள்.

நெருக்கமான மூச்சுப் பாதையில் இந்த ஏற்பாடு பயனற்றுப் போகிறது. ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். எட்டுக் கிலோ எடையுள்ள நாயின் உடல் ஓய்வில் ஏறத்தாழ 16 வாட் வெப்பம் உண்டாக்குகிறது. துள்ளி விளையாடும்போது அது ஐந்து மடங்காகி 80 வாட் ஆவதாகக் கொள்வோம். சித்திரை வெயிலில் காற்றின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ்; நாயின் உடல் வெப்பநிலை 39 டிகிரி. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே செல்லும். எனவே கடத்தலாலும் கதிர்வீச்சாலும் வெப்பம் வெளியேற வழியில்லை; ஆவியாதல் ஒன்றே வழி. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். 80 வாட் வெளியேற, நிமிடத்துக்கு 2 கிராம் நீர் ஆவியாக வேண்டும். மூக்கு நீண்ட நாய்க்கு இது கடினமன்று.

மூச்சுத் தடையால் பாதி வெப்பமே வெளியேறுகிறது என்று கொள்வோம். உடலில் 40 வாட் தங்கிவிடும். உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு 3,500 ஜூல் என்றால், எட்டுக் கிலோ உடல் ஒரு டிகிரி சூடாக 28,000 ஜூல் வேண்டும். 28,000-ஐ 40-ஆல் வகுத்தால் 700 நொடிகள்; அதாவது 12 நிமிடத்துக்கும் குறைவு. அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரி 41-ஐத் தாண்டிவிடும். அது வெப்பத் தாக்கின் எல்லை. அதற்கு மேல் உறுப்புகள் பழுதடைந்து உயிருக்கே ஆபத்து. நண்பர்களே, பந்தை நீங்கள் எறிகிறவரை அந்த நாய் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்த வேண்டியது நீங்கள்தான்.

மிகக் குட்டையான மூக்குடைய நாய்களை இணைசேர்ப்பதற்கு நெதர்லாந்து நாடு 2019 முதல் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. குளிர் நாட்டுக்கே இந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால், நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவும் வேண்டுமா?

வெண்மையும் செவியும்

சப்பை முகம் வெளிநாட்டு நாயின் குறை. நம் நாட்டு நாய்க்கு அத்தகைய குறை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். முத்துவின் செவிட்டுத் தன்மை எங்கிருந்து வந்தது?

தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தருபவை நிறமிச் செல்கள். கருவில் இவை முதுகுப் புறத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. சில செல்கள் உட்செவிக்கும் செல்கின்றன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவதன்று. நத்தை எலும்பில் உள்ள திரவத்தின் அயனிச் சமநிலையைக் காப்பது. சில மரபணுக்கள் நிறமிச் செல்கள் பரவுவதைத் தடுக்கின்றன. அப்போது உரோமம் வெண்மையாகிறது. உட்செவிக்கும் அச்செல்கள் போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடுகின்றன. பின்னர் அவை மீள்வதில்லை. டால்மேஷனிலும் இக்குறை உண்டு.

வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று கொள்ளக் கூடாது. சமோயெட் என்னும் வடதிசை நாய் தூய வெண்மையானது. ஆனால் அதன் மூக்கும் கண்ணிமை ஓரமும் கறுப்பு. அதாவது நிறமிச் செல்கள் உள்ளன. உரோமத்தின் நிறம் மட்டுமே வெளிறியுள்ளது. வெள்ளை உரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் சேர்ந்திருந்தால் செல்களே குறைந்துள்ளன எனலாம். அங்கேதான் கவனம் தேவை. இராஜபாளையம் நாயில் மாசற்ற வெண்மைக்கே மதிப்பு அதிகம். நிறம் கலந்த குட்டிகளை ஒதுக்கி, வெள்ளைக் குட்டிகளையே விலை கொடுத்து வாங்குகிறோம். வெண்மையைத் தேர்ந்தெடுக்கும்போதே செவிட்டுத் தன்மையையும் அறியாமல் தேர்ந்தெடுக்கிறோம். முத்துவை நான் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான்; அந்த ஈற்றில் மிக வெள்ளையான குட்டி எது என்று கேட்டு வாங்கினேன்.

கேட்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பலர் குட்டியின் முன்னால் கை தட்டுவார்கள். இது தவறு. கையசைவு கண்ணுக்குத் தெரியும். காற்று முகத்தில் படும். தரையைத் தட்டினால் அதிர்வு பாதத்தில் உணரப்படும். எனவே குட்டி வேறு பக்கம் பார்க்கும்போதோ, தூங்கும்போதோ, நான்கைந்து அடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியாகச் சோதியுங்கள். இல்லையேல் ஒன்று திரும்புவதைப் பார்த்து மற்றதும் திரும்பும்.

ஒரு காது மட்டும் கேளாத குட்டியும் இருக்கும். அது ஒலிக்குத் திடுக்கிடும். ஆனால் ஒலி வந்த திசை அறியாமல் அங்குமிங்கும் பார்க்கும். காதுகள் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதை அடைய 0.10 ÷ 340 = ஏறத்தாழ 0.0003 நொடி தாமதமாகிறது. இந்த நுண்ணிய வேறுபாடு, திசையை அறிய மூளைக்குக் கிடைக்கும் முக்கியமான குறிப்புகளுள் ஒன்று. ஒரு காது செயலற்றால் இக்குறிப்பும் இல்லை. ஐயம் இருந்தால், ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனையே உறுதியான வழி.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, உங்கள் வீட்டைப் பாருங்கள். நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள் வாழும். இன்று ஒன்பதாம் வகுப்பில் உள்ள நீங்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் சென்ற பின் அதை யார் பார்த்துக்கொள்வார்? இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை ஓட்டத்துக்காகவே உருவானவை. மாடி வீட்டின் பால்கனியில் அவற்றைக் கட்டிப்போடுவது முறையன்று. குளிர் நாட்டு சைபீரியன் ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு உரோமப் போர்வை உண்டு. அதை நம் வெயிலில் வைத்து வளர்ப்பது துன்புறுத்தலே.

இரண்டாவது, குட்டியை அதன் தாயோடு பாருங்கள். 'தாய் வேறு ஊரில் இருக்கிறது' என்று சொல்லி, பேருந்து நிலையத்திலோ சாலையோரத்திலோ குட்டியைக் கொண்டுவந்து தருபவரிடம் வாங்காதீர்கள். தாய் மெலிந்து, அஞ்சி நடுங்கினால் குட்டியின் வரலாறு அதிலேயே தெரிந்துவிடும். தாயின் மூச்சைக் கவனியுங்கள். மூன்று நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள். ஓசையின்றி மூச்சு விடுகிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, வயது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுகின்றன. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெண் நாயை இணைசேர்க்கக் கூடாது. ஓராண்டில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நான்காவது, அந்த இனத்துக்கே உரிய நோய் எது என்று முன்கூட்டியே படித்து, அதைப் பற்றிக் கேளுங்கள். ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார் என்றால் பெற்றோரின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே படம் உண்டா? பக் என்றால் தாய்க்கு மூச்சுத் திணறல் உண்டா? வெள்ளை இராஜபாளையம் என்றால் இந்த ஈற்றில் எத்தனை குட்டிகள், அவற்றில் எத்தனைக்குக் காது கேட்கிறது? நல்ல முறையில் வளர்ப்பவர் இக்கேள்விகளைக் கேட்டு மகிழ்வார். உங்களிடமும் திருப்பிப் பல கேள்விகள் கேட்பார். 'இவர் ஏன் இவ்வளவு கேட்கிறார்' என்று சலிப்பவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்புவதே நன்று.

ஐந்தாவது, வாங்கிய உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையைச் சரிபாருங்கள். மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி தவறாமல் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வேட்டைக்கோ, ஆடு மேய்க்கவோ, கண்காட்சிக்கோ அல்லாமல், வீட்டில் ஒரு துணையாகத்தான் நாய் வேண்டுமென்றால், தூய இனம் கட்டாயமில்லை. நம் தெரு நாய்க்குட்டி நீண்ட மூக்கும் குட்டை உரோமமும் கொண்டது. நம் வெயிலுக்குப் பழகிய பரம்பரை. தடுப்பூசி போட்டு வளர்த்தால் அதுவும் குடும்பத்தில் ஒன்றாகும்.

தேர்ந்தெடுப்பவர் யார்?

காட்டில் எந்த விலங்கு வாழ வேண்டும் என்பதை இயற்கை தேர்ந்தெடுக்கிறது. வீட்டு நாயின் உருவத்தைத் தேர்ந்தெடுப்பது சந்தை. சந்தை என்பது நாம்தான். நாம் சப்பை மூக்கைக் கேட்டால் அடுத்த ஈற்றில் மூக்கு இன்னும் சப்பையாகும். மூச்சு சீரான நாயைக் கேட்டால் மூக்கு மெல்ல மெல்ல நீளும். விற்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் அடுத்த தலைமுறை நாய் எப்படி இருக்க வேண்டும் என்று நாமே ஓட்டுப் போடுகிறோம்.

முத்து எங்களோடு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தது. கையசைவுகளால் பேசக் கற்றுக்கொண்டோம். விரலை உயர்த்தினால் உட்காரும். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். இரவில் அழைக்க வேண்டுமானால் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றுவோம். ஆனால் சங்கிலி இல்லாமல் தெருவில் ஒரு நாளும் விடவில்லை. லாரியின் ஹாரன் அதற்குக் கேட்காதல்லவா? ஓடுவதற்கென்றே பிறந்த இனம், ஒன்பது ஆண்டுகளும் ஒரு சங்கிலியின் நீளத்துக்குள் வாழ்ந்து முடித்தது. செவிட்டுக் குட்டி வாழத் தகுதியற்றது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்கியிருந்தால், முதல் நாளிலிருந்தே கையால் பேசியிருப்பேன். அந்தச் செய்தித்தாளைச் சுருட்டியிருக்க மாட்டேன்.

செய்து பாருங்கள்

1. ஒரு நாயின் மூச்சுப் பாதையின் ஆரம் 10 விழுக்காடு குறைந்தால், பாய்சலியின் விதிப்படி பாய்வு எவ்வளவு ஆகும்?

2. பாட்டனையும் பேத்தியையும் இணைசேர்த்தால் பிறக்கும் குட்டியின் உட்கலப்புக் கெழு என்ன?

3. ஷைபிள் செய்த முறையில் ஏழாம் தலைமுறைக் குட்டியில் பாயின்டரின் பங்கு எவ்வளவு?

4. முப்பது கிலோ லேப்ரடார் நாய் விளையாடும்போது 80 வாட் வெப்பம் உடலில் தங்கினால், ஒரு டிகிரி சூடேற எத்தனை நிமிடம் ஆகும்?

விடைகள்: (1) சுமார் 0.66 பங்கு. (2) 1/8. (3) 1/128. (4) சுமார் 22 நிமிடம்.